நான் எழுதாமல் விட்ட ‘மலை’

அந்தக் கட்டைவிரல் ஈரமாக இருந்ததால் மை ஒட்டவில்லை. கவுண்டர் அதைச் சட்டையின் உட்புறத்தில் துடைத்தார், வாயால் ஊதினார், பிறகு நான் காட்டிய இடத்தில், புண்ணின்மேல் மருந்து வைப்பதுபோல மெதுவாக அழுத்தினார். எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம். சேர்வராயன் மலையில், வாழவந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் வரும் சிற்றூர். அங்கே இருந்த ஓராசிரியர் பள்ளியின் ஒரே ஆசிரியை நான். முதல் வகுப்பில் சேர்ப்பதற்காக மகளைத் தோளில் தூக்கி வந்திருந்தார். மழைக்குச் சாக்கை மடித்து அவள் தலையில் கவிழ்த்திருந்ததால் அவள்மேல் ஒரு சொட்டு விழவில்லை. அவர்தான் தொப்பலாக நனைந்திருந்தார். ஆனாலும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம் என்பதற்காக உடுத்தி வந்தது என்பது பார்த்ததும் தெரிந்தது.

சேர்க்கைப் பதிவேட்டில் மதம், சாதி என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “மலைக்கவுண்டருன்னு போட்டுக்குங்க டீச்சரம்மா” என்றார். நான் ‘இந்து – கவுண்டர்’ என்று எழுதினேன். மலை என்பது அவர் குடியிருக்கும் இடம், சாதிப் பெயரில் அதற்கென்ன வேலை என்று தோன்றியது. ஊரில் எல்லோரும் அவரைக் கவுண்டர் என்றுதான் மரியாதையாக அழைத்தார்கள். கட்டமும் சின்னது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதியதை அவர் விரல் ஒப்புக்கொண்டது.

அந்த மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் ராகியும் விளைவித்து வாழும் அந்த மக்களுக்கு அரசாங்கப் பட்டியலில் ‘மலையாளி’ என்று பெயர், அவர்களே சொல்லிக்கொள்வது மலைக்கவுண்டர். கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அவர்கள் பேசுவது தமிழ். பழங்குடியினர் என்று சட்டம் அவர்களை ஏற்று, படிப்பிலும் வேலையிலும் இடம் ஒதுக்கியிருந்தது. கீழ்நாட்டில் கவுண்டர் என்றால் வேறு. நிலமும் பலமும் உள்ள சாதி. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பதிவேட்டில் ஒரு சொல்லுக்கு என்ன கனம் என்பது வேறு யாரையும்விட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் தகப்பனார் காலத்தில் எங்கள் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியது. ஞானஸ்நானம் வாங்கியதோடு பட்டியல் சாதிக்கான சலுகை போயிற்று, சேரி போகவில்லை. எங்கள் தெருவை யாரும் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கவுமில்லை. என் அண்ணனின் படிப்பு பாதியில் நின்றதற்கு அவன் சான்றிதழில் இருந்த ‘கிறிஸ்தவர்’ என்ற ஒரே ஒரு சொல்தான் காரணம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான்தான் இன்னொருவரின் சொல்லைப் பாதியாக வெட்டினேன்.

அந்த ஊரில் எனக்குத் தங்க இடம் இல்லாமல் இருந்தபோது, தம் வீட்டின் ஒரு பக்கத்தை மறைத்து ஒதுக்கிக் கொடுத்தவர் கவுண்டர். ஐந்து வருடம் அங்கே இருந்தேன். அந்த ஐந்து வருடத்தில் அவரோ அவர் மனைவியோ நான் என்ன சாதி என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகினால் நான் சொல்வதற்கு முன்பே ஆளைத் திரட்டிக்கொண்டு வந்து நிற்பார். வேலை முடிந்த பிறகும் போகமாட்டார். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதை வெளிச்சுவரில் சாய்ந்துகொண்டு கேட்பார். மகள் குரல் தனியாகக் கேட்டால் மட்டும் தலையைக் கொஞ்சம் நிமிர்த்துவார்.

அவள் கெட்டிக்காரி. ஐந்தாம் வகுப்பு முடித்து ஏற்காட்டில் ஒரு மிஷன் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவதுவரை படித்தாள். அந்த ஊரில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண். நர்ஸ் ஆகவேண்டும் என்பது ஒன்றே அவள் நினைப்பு. ஊரில் யாருக்காவது காய்ச்சல் என்றால், விடுமுறைக்கு வந்திருக்கும் அவள் போய்க் கையைப் பிடித்து நாடி எண்ணிவிட்டு வருவாள் என்று கவுண்டர் சொல்லிச் சிரிப்பார். நான் அதற்குள் நாகலூர்ப் பக்கம் மாற்றலாகியிருந்தேன். பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண். பழங்குடி மாணவிகளுக்கான இடத்தில் நர்ஸ் பயிற்சிக்குக் கூப்பிட்டுக் கடிதமும் வந்துவிட்டது. சாதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

முன்பு தாசில்தாரே அதைக் கொடுத்துவந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், அந்த ஊரில் வேறு யாரும் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். போலிச் சான்றிதழ்கள் பெருகிவிட்டதால் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரே விசாரித்துத்தான் தரவேண்டும் என்று அப்போதுதான் மாற்றியிருந்தார்கள். கவுண்டரும் மகளும் இரண்டு முறை கீழே கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். முதல் முறை குமாஸ்தா ஒருவர், “மலையாளியா? எங்க, ரெண்டு வார்த்தை மலையாளம் பேசு பாக்கலாம்” என்று சிரித்தாராம். இரண்டாம் முறை அவளுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டி, இதில் கவுண்டர் என்று இருக்கிறதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கவுண்டர் நாகலூருக்கு என்னைத் தேடி வந்தார்.

“ஏனுங்க டீச்சரம்மா, இதுல என்னுங்க தப்பு? நாங்க கவுண்டருதானுங்களே” என்று நீட்டினார். ஏற்காட்டுப் பள்ளியில் யாரோ ஒருவர் நான் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார். ‘இந்து – கவுண்டர்’. தாளை மடித்தேன், மறுபடி பிரித்து வாசித்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?” என்று கேட்டார்.

மூன்றாம் முறை நானும் கூடப் போனேன். கோட்டாட்சியராக இருந்த அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர், எங்களை உட்காரச் சொன்னார். கவுண்டர் உட்காரவில்லை. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் பாவாடை தாவணியை ஊசி குத்தி நேர்த்தியாகக் கட்டியிருந்தாள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சுத்தமாகப் பதில் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அதிகாரியின் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

“சார், அந்தப் பதிவேட்டுல எழுதினது நான்தான். இவர் மலைக்கவுண்டர்னு சொன்னார். நான் மலையை விட்டுட்டேன். என் தப்பு” என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். “டீச்சர், இந்த மாசம் மட்டும் எத்தனை பேர் வாத்தியாரைக் கூட்டிட்டு வந்து இதையே சொன்னாங்க தெரியுங்களா? கீழ இருக்கற வசதியானவங்கள்லாம் இவங்க பேரைச் சொல்லி இடத்தை வாங்கிட்டுப் போயிடறாங்க. நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டா நஷ்டம் நிஜமான மலைக்காரங்களுக்குத்தான். இவங்களைப் பார்த்தா எனக்கு அப்படித் தெரியல. ஊருக்கே வந்து விசாரிக்கிறேன்.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் இன்றுவரை என்னை வதைக்கிறது. சிறுபான்மையான ஒரு மக்கள் கூட்டத்தைக் காப்பாற்ற அரசாங்கம் ஒரு வேலி போடுகிறது. அந்நியர் நுழையாமல் இருக்க வாசலில் ஒரு ஆளை நிறுத்துகிறது. வேலியும் நல்லதற்குத்தான், காவலாளும் நல்லவர்தான். ஆனால் உள்ளே பிறந்தவளே வெளியே நின்று நான் இந்த வீட்டுப் பெண் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நிரூபிக்க அவளிடம் இருந்த ஒரே காகிதத்தைக் கெடுத்தவள் நான்.

திரும்பும் பஸ் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்தது. பிறகு கவுண்டர்தான் பேசினார். “உடுங்க டீச்சரம்மா. நீங்க மருவாதையாத்தானுங்களே எழுதுனீங்க.” அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

விசாரணைக்கு நாள் குறித்து அறிவிப்பு வருவதற்குள் பயிற்சிக்குச் சேரவேண்டிய கடைசித் தேதி கடந்துவிட்டது. அடுத்த வருடத்துக்காவது சான்றிதழ் கையில் இருக்கவேண்டுமே என்ற பதைப்பில் நான் அந்த ஊருக்குப் போனேன். அங்கே போய் நான் செய்ததைத்தான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. அதிகாரி கண்ணுக்கு நீங்கள் மலைக்காரர்களாகத் தெரிய வேண்டும் என்றேன். சட்டை வேண்டாம் என்றேன். கவுண்டரின் தகப்பன் காலத்தில் கட்டியதுபோலக் கோவணம் கட்டிக் கம்பளி போர்த்திக்கொண்டால் நல்லது என்றேன். அவளிடம், தாவணியை அவிழ்த்துவிட்டுப் பழைய சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிக்கொள், செருப்பு வேண்டாம், தலையில் ஒரு சுள்ளிக்கட்டு இருக்கட்டும், படித்த பேச்சு பேசாதே என்றேன். “நானு பொய்யா சொல்லப் போறேன் டீச்சர்? உள்ளதுதானுங்களே. அதுக்கு எதுக்குங்க வேசம்?” என்றாள். கவுண்டர், “டீச்சரம்மா நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுவாங்க கண்ணு” என்றார். அவள் எழுந்து உள்ளே போனாள்.

அந்த நாள் காலையில் ஜீப் வந்தது. பனி விலகியிருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து அவள் சுள்ளிக்கட்டோடு வந்து நின்றாள். கவுண்டர் வெற்று மார்பில் கம்பளியைப் பிடித்துக்கொண்டு, என்றுமில்லாதபடி முதுகை வளைத்து, “சாமீ” என்று கும்பிட்டார். அதிகாரி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குலசாமி எது, கல்யாணத்தில் என்னென்ன முறை, யார் பஞ்சாயத்து பேசுவது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவளிடம் கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். சுமையை இறக்கி வை என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அரைமணி நேரத்தில் அவர் நோட்டை மூடிவிட்டு என்னிடம் திரும்பினார். “இப்பத்தான் எனக்குத் திருப்தி, டீச்சர். அன்னைக்கே இப்படி வந்திருந்தா இவ்வளவு தாமதம் ஆகியிருக்காது.”

பத்தே நாளில் சான்றிதழ் வந்தது. அதை அவள் தொடவில்லை. மறு வருடம் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு நானே போனேன். “வேண்டாங்க டீச்சர். பாவாடை தாவணி கட்டிப் போனப்ப நான் மலைக்காரி இல்லீன்னாங்க. அந்தக் காயிதம் சுள்ளிக்கட்டு வெச்சிருந்தவளுக்குக் குடுத்தது. நான் அவ இல்லீங்க” என்றாள். கவுண்டர் கெஞ்சினார், அவள் தாய் அழுதாள். அவள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டாள். பிறகு கரடியூரில் கட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மே மாதமும் கவுண்டர் நாகலூருக்கு வருவார். “நீங்க சொன்னாக் கேப்பாளுங்க. நொம்பப் படிச்ச புள்ளைங்க. ஒருக்காச் சொல்லிப் பாருங்க” என்பார். நான் சொன்னால்தான் கேட்கமாட்டாள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

தொண்ணூறுகளின் பின்பாதியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பன்னிரண்டு நாள் மகள்தான் பக்கத்தில் இருந்தாள். நான் பார்க்கப் போன அன்று அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் படுக்கைப் புண் வராமல் துடைத்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை மணிக்கு எவ்வளவு காய்ச்சல் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, “நீங்க எங்க டிரெயினிங் எடுத்தீங்க?” என்று கேட்டார். “எங்கயும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள். கவுண்டர் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைகளின் ஓரத்திலிருந்து நீர் காதுப்பக்கமாக இறங்கியது. நான் பார்த்துவிட்டு வந்த மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்து அவள் என்னோடு பஸ் நிற்கும் இடம்வரை நடந்து வந்தாள். வழியெல்லாம் நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தேன். தப்பு என்னுடையது, முதலிலும் என்னுடையது, கடைசியிலும் என்னுடையது என்றேன். அவள் மறுக்கவில்லை. கோபமும் படவில்லை.

“ஏனுங்க டீச்சர், அன்னிக்கு அந்த ஜீப்புக்காரரு முன்னால நின்னப்ப எங்கப்பன் மொகத்தப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

நான் பஸ் வரும் பக்கம் திரும்பினேன்.

“நான் பாத்தனுங்க” என்றாள்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். ஓய்வுபெற்று மலையை விட்டு இறங்கி வெகுகாலம் ஆகிறது. இன்று அதே சான்றிதழுக்குக் கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நன்றாக இருக்கட்டும். அந்தக் காலையை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். பனி, காப்பிச் செடி, அவர் கம்பளியைப் பிடித்திருந்த கை, எல்லாம் வருகிறது. அவர் முகம் மட்டும் வருவதில்லை. அன்று நான் அதைப் பார்க்கவே இல்லை. திருப்தி வருகிறதா என்று அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.