கெடாவில் பிறந்த கமலவல்லி

கமலவல்லிக்குக் கோபம் வந்தால் வலங்கைமான் கடைத்தெருவில் பாதிப் பேர் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். அறுபத்தாறு வயதிலும் அந்தக் குரல் இறங்கவில்லை. நடவு வயலில் முப்பது பெண்களைக் கட்டி மேய்த்த குரல். கூலியைக் குறைத்த பண்ணையை வரப்பிலேயே மறித்து நிறுத்திய குரல். "மலேயாக்காரி வாயைத் தொறந்தா மூட ஆள் கெடையாது" என்பார்கள். ஐம்பத்து நாலு வருஷமாக இங்கேயே நாற்றுப் பறித்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, இங்கேயே பிள்ளை பெற்று, புருஷனுக்கும் இங்கேயே கொள்ளி வைத்தாகிவிட்டது. இன்னும் அவள் மலேயாக்காரிதான். அதுவே ஒரு கோபம்.

ஆனால் பெரிய கோபம் அந்த மலேயா சர்க்கார் மேல்.

அவள் பிறந்தது கெடாவில், சுங்கை பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். 1957 நவம்பர். அந்த நாடு சுதந்திரம் வாங்கி மூன்றாவது மாதம். "எம் புள்ளை சுதந்திரத்துல பொறந்திருக்கு" என்று அப்பா வீரையன் தோட்டத்து லய வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். அந்தச் சுதந்திரம் அவருக்குக் கொடுத்தது ஒரு சிவப்பு அட்டை. குடிமக்களுக்கு நீலம், மற்றவர்களுக்குச் சிவப்பு. மலாய் மொழியில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் நீலம் வாங்கலாம் என்றார்கள். விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மனுஷனுக்குப் பரீட்சை என்றாலே கிலி. போகவில்லை. அறுபத்தொன்பதில் நடந்த இனக் கலவரம் முடிந்ததும் சிவப்பு அட்டைக்காரன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்பாவுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. பால் வெட்டின மரமெல்லாம் அங்கே நிற்க, வெட்டின ஆளைக் கப்பலேற்றிவிட்டார்கள்.

அம்மா அப்போது உயிரோடு இல்லை. அக்கா அம்சத்துக்கு மட்டும் கவலை இல்லை. நீல அட்டைக்காரனுக்கு வாக்கப்பட்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். கிளம்புவதற்கு முந்தின வாரம் அப்பா அவளிடம் கெஞ்சியதைப் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த கமலவல்லி கேட்டாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"சின்னவளை நீ வச்சுக்கம்மா. அங்க எனக்கே என்ன இருக்குன்னு தெரியலை."

"ஆபீஸ்ல கேட்டுட்டேம்ப்பா. அவளுக்கும் சிவப்புதான் குடுப்பாங்களாம். எப்படியும் புடிச்சு அனுப்பிடுவாங்க."

அவ்வளவுதான். பினாங்கில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள். தோட்டத்து அட்டைக் கடியெல்லாம் பார்த்த பிள்ளைக்கு வயல் சேறு புதுசு. முதல் நாள் அவள் நட்ட நாற்றெல்லாம் தண்ணீரில் மிதந்தது. ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். இரண்டாவது சம்பா அறுப்புக்கு முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். போகிற நாள்வரை அந்த சர்க்காரை வாய் ஓயாமல் திட்டினார். நடுவில் ஒன்று கேட்டார்: "அம்சம் வருவாளா?"

"வருவாப்பா. நான் கூட்டிட்டு வர்றேன்."

குடமுருட்டி ஆற்றங்கரையில் எரித்தார்கள். அந்த வாக்கு மட்டும் எரியாமல் ஐம்பத்திரண்டு வருஷம் கிடந்தது.

அதனால்தான், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூட்டத்தோடு அம்சம் சோழர் கோயில்களைப் பார்க்க வருகிறாள் என்று பேத்தி தர்ஷினி போனில் கண்டுபிடித்துச் சொன்னதும் கமலவல்லி துள்ளி எழுந்தாள். தோட்டத்துப் பக்குவத்தில் நெத்திலிச் சம்பால் செய்து மூடி வைத்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூர் போனாள். எப்படியாவது அக்காவைக் கையோடு குடமுருட்டிக்கு அழைத்து வந்துவிட வேண்டும்.

பெரிய கோயில் வாசலில் இருபது பேர் நின்றிருந்தார்கள். அன்று ஆகஸ்ட் முப்பத்தொன்று, அவர்கள் சுதந்திர நாள். எல்லார் சட்டையிலும் குட்டிக் கொடி. தங்க பிரேம் கண்ணாடியும் கைத்தடியுமாக இருந்த அம்சம், தங்கையின் காய்ப்பேறிய கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியதும் உண்மைதான். ஆனால் பக்கத்தில் இருந்த மலாய் டீச்சர் சுராயா "யார்?" என்று கேட்டதும் சட்டென்று கையை விட்டாள். "எங்கப்பா ஊர்க்காரங்க. தெரிஞ்சவங்க" என்று மலாயில் சொன்னாள்.

கமலவல்லிக்கு அந்த மலாய் புரிந்தது. புரியாது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது மகராசி. காரியம் ஆக வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே கைடு கல்வெட்டைக் காட்டிக் குதித்தான். "இங்க பாருங்க, கடாரம்! உங்க கெடாதாங்க! நம்ம ராஜா கப்பல்ல போய் அடிச்சுப் புடிச்ச ஊரு!"

கூட்டத்தில் இருந்த தமிழர்கள் கைதட்டினார்கள். கமலவல்லியால் அதற்கு மேல் முடியவில்லை.

"புடிச்ச ராஜா எங்கப்பாவுக்கு ஒரு பெர்மிட் வாங்கிக் குடுத்திருக்கலாமே தம்பி!"

கைடு விழித்தான். அவன் என்ன சொன்னான் என்று சுராயா கேட்க, அம்சம் வழவழவென்று மொழிபெயர்த்தாள்: அந்தக் காலத்தில் இரண்டு நாட்டு ராஜாக்களும் நட்பாக வியாபாரம் செய்தார்களாம்.

"பொய்" என்றாள் கமலவல்லி, மலாயில். "அடிச்சுப் பிடிச்சதாச் சொல்றான்."

சுராயாவின் கண் விரிந்தது. பன்னிரண்டு வயதோடு நின்றுபோன மலாய். ஆனால் அசல் கெடாப் பேச்சு, கோலாலம்பூரில் இருக்கும் தன் பேரப்பிள்ளைகளுக்குக்கூட வராத பேச்சு. அந்த அம்மாள் அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். "நீங்க எங்க கெடா ஆளு!"

நம்ம ஆள் என்று இந்த ஊரில் ஒரு வாய் சொன்னதில்லை. கூடப்பிறந்தவளும் சற்றுமுன் சொல்லவில்லை. சொன்னது ஒரு மலாய்க்காரி. கமலவல்லி உடைந்த மலாயில் தன் கதையைச் சொன்னாள்: தோட்டம், சிவப்பு அட்டை, கப்பல். எந்த வருஷம் பிறந்தாய் என்று சுராயா கேட்டாள். சொன்னாள்.

சுராயா சிரிப்பை நிறுத்தினாள். முப்பது வருஷம் சரித்திரம் நடத்திய டீச்சர் அவள். சுதந்திரத்துக்கு அப்புறம், அந்த வருஷங்களில் அங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாருமே பிறப்பிலேயே குடிமக்கள் என்றாள். அப்பன் அட்டை எந்த நிறமானாலும் சரி. உன்னை அனுப்ப எந்த சர்க்காருக்கும் அதிகாரம் கிடையாது. உன்னை யார் அனுப்பினார்கள்?

கமலவல்லி அக்காவைப் பார்த்தாள். அம்சம் கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவிடம் தமிழில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரிஞ்சவங்க என்று எந்த மொழியில் சொன்னாளோ அந்த மொழியில், அத்தனை பேர் காதிலும் விழும்படி, நடவு வயல் குரலில் கேட்டாள்:

"அவாட் ஹங் போஹோங்?"

ஏன் பொய் சொன்னாய். கோயில் மதிலோரம் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அம்சம் கைத்தடியை ஊன்றித் தங்கை பக்கம் திரும்பினாள்.

"நான் ஆபீஸுக்கே போகலை, கமலா" என்றாள். "மூணு கொழுந்தன், ஒரு சம்பளம். இன்னொரு வயித்துக்கு இங்க இடமில்லைன்னுட்டாங்க மாமியார். எனக்கு இருபத்தோரு வயசு. அப்பாகிட்ட அதை எப்படிச் சொல்லுவேன்?"

"அதுக்கு சர்க்கார் மேல பழியைப் போட்டியா?"

"ஆமா."

"அப்புறம்? கொழுந்தனெல்லாம் வேலைக்குப் போனப்புறம்? மாமியா செத்தப்புறம்?"

அம்சம் சுராயாவை ஒருதரம் பார்த்தாள். "என் தங்கச்சி" என்று மலாயில் சொன்னாள், ரொம்பத் தாமதமாக. பிறகு கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். "வா. அப்பா இடத்துக்குப் போவோம். பஸ் போனாப் போகட்டும்."

எதற்காக வந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது.

"நீ வர வேணாம்."

"கமலா..."

"அப்பா அந்த சர்க்காரைத் திட்டித் திட்டித்தான் செத்தாரு. பெரியவ நல்லவ, பாவம், அவளால முடியலைன்னு நெனச்சுட்டுப் போனாரு. உன்னை அங்க கொண்டு போய் நிறுத்துனா நான் வாயை மூடிக்கிட்டு நிக்கமாட்டேன். எல்லாத்தையும் சொல்லிடுவேன். அந்த மனுஷனுக்காவது நீ நல்ல பொண்ணா இரு. போ, போய் ராஜா கோயிலைப் பாரு."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வழக்கம்போல அந்த சர்க்காரைத் திட்ட வாய் எழுந்தது. அப்பாவை விரட்டியதற்குத் திட்டினாள். தன்னை விரட்டியதற்குத் திட்டப் போனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.