மாஹிம் பக்கம், சயான் பக்கம்: தாராவியில் இரண்டு மெஷினுக்குக் கேபிள் போட்ட கதை

பட்டறை மெஷின்களைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைப்பதுதான் என் பிழைப்பு. கோயம்புத்தூருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த என்னைப் போன ஜூலையில் மும்பைக்கு இழுத்தது எஸ்தர் அக்காவின் போன். அக்காவுக்குப் பூர்வீகம் நாசரேத் பக்கம், பட்டறை தாராவியில். விக்ரோலியில் ஒரு கம்பெனி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல இரண்டு இரும்பு வார்ப்புகளைக் கொடுத்திருந்தது, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் துளை போட்டு, மேல்முகத்தைச் சமமாகச் சீவிக் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை. மெஷினை ஓட்டுகிற ப்ரோக்ராம் பென் டிரைவில் போகக் கூடாது, கேபிள் லைனில்தான் போகவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. பழைய ப்ரோக்ராம் ஏறிப் பொருள் பாழான அனுபவம் அவர்களுக்கு இருந்திருக்கிறது.

கோவையிலிருந்து குர்லா டெர்மினஸுக்கு ஸ்லீப்பரில் 735 ரூபாய். 33 மணி நேரம் என்று டிக்கெட் சொன்னது, ரயில் 35 எடுத்துக்கொண்டது. செம்பூரில் ரூம், நாளுக்கு 1,400. ஜன்னல் உண்டு, திறக்காது.

வியாழன் காலை 8.30க்குப் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். தாராவி ஏழு கிலோமீட்டர்தான், டிக்கெட் 15 ரூபாய். அக்கா பஸ் நம்பரும் சொல்லியிருந்தார். ஆனால் பஸ்ஸின் நெற்றியில் நம்பர் மராத்தி எண்ணில் இருக்கும் என்று சொல்லவில்லை. பக்கத்தில் பத்துப் பேர் நின்றார்கள். இன்ஜினியர் பையை மாட்டிக்கொண்டு, இது என்ன நம்பர் என்று கேட்க வெட்கமாக இருந்தது. போனைப் பார்ப்பதுபோல நின்று இரண்டு பஸ்ஸை விட்டேன். பட்டறைக்குப் போனபோது பத்தே கால். டிராஃபிக் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மானமாக டாக்ஸி பிடித்தேன், 190 ரூபாய்.

பட்டறை அறையை அங்கே காலா என்கிறார்கள். கீழே இரண்டு மில்லிங் மெஷின், மேலே பரணில் கம்ப்யூட்டர், நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. மெஷின் ஓட்டுகிற முருகேசன் நாளுக்கு முப்பது தடவை பென் டிரைவைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்த ஏணியில் ஏறி இறங்குவார். நாற்பத்தைந்து வயது, தாராவியிலேயே பிறந்தவர், பேச்சு மட்டும் அச்சு அசல் திருநெல்வேலி. வியாழன் முழுக்க அவரும் நானும் 22 மீட்டர் கேபிள் இழுத்தோம். மெஷின் பக்கத்தில் தொடுதிரை ஒன்றை மாட்டினோம். பட்டனைத் தொட்டால் ப்ரோக்ராம் மேலிருந்து மெஷினுக்கு வந்துவிடும், ஏணி வேண்டாம்.

எல்லாரும் தமிழ் பேசுகிற இடம் என்ற சந்தோஷத்தில் திரையில் வார்ப்புக்கு ஒன்றாக இரண்டு பெரிய பட்டன் வைத்து, 'இடது', 'வலது' என்று எழுதினேன். அக்கா பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்றார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு முதல் வார்ப்பை மேசையில் ஏற்றினார் முருகேசன். பட்டனைத் தொட்டால் போதும். தொடவில்லை. வார்ப்பைத் துடைத்தார். மறுபடி அளந்தார். டீ குடிக்கப் போனார், வந்தார், இன்னொரு டீக்குப் போனார். ஒன்றுக்கு நாற்பது நிமிஷம் ஆகும், விக்ரோலி போக ஒரு மணி நேரம். ஏணி வேலை போய்விடும் என்று முரண்டு பிடிக்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்காவிடம் புகாரும் சொன்னேன். மூன்றாவது டீ முடித்து வந்தவர், யாரும் பக்கத்தில் இல்லாதபோது மெதுவாகக் கேட்டார்.

"மேடம், இதுல மாஹிம் எது?"

ஸ்டேஷனுக்கு வழி கேட்கிறாரா என்று விழித்தேன். வார்ப்பில் நீட்டிக்கொண்டிருந்த காதைத் தொட்டுக் காட்டினார். தாராவிக்கு மேற்கே மாஹிம் ஸ்டேஷன், கிழக்கே சயான். மேசையில் வைத்தால் ஒன்றின் காது மாஹிம் பக்கம் பார்க்கும், மற்றதன் காது சயான் பக்கம் பார்க்கும். அந்தக் காலாவில் யாரும் லெஃப்ட், ரைட் என்று சொல்வதே இல்லை.

இடது வலது என்று எழுதியிருக்கிறேனே என்றேன்.

"எழுதியிருக்கீய. எனக்குத் தமிழ் பேசத்தான் மேடம் வரும். முனிசிபாலிட்டி ஸ்கூல்ல மராட்டிதான் படிச்சேன். ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு. தப்பா அமுக்கினா வேற வார்ப்பு கிடையாது."

எனக்கு முகம் எரிந்தது. அவர் குருட்டாம்போக்கில் தொட்டிருந்தால் அக்காவின் ஆர்டர் அங்கேயே முடிந்திருக்கும். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கும் எழுத்துக் கூட்டித்தான் வரும் தங்கச்சி. நம்ம எழுத்துன்னு பாத்த சந்தோஷத்துல நல்லாருக்குன்னுட்டேன்."

பட்டனில் மாஹிம், சயான் என்று முருகேசனே மராத்தியில் அடித்தார். சரிபார்க்க வேண்டிய நான், இதில் எது மாஹிம் என்று அவரிடம் கேட்டேன். முதலில் கத்தி வார்ப்பைத் தொடாமல் மேலே காற்றில் ஓட்டிப் பார்த்து, பிறகு வெட்டினோம். 4.35க்கு இரண்டும் முடிந்தன. அக்கா விக்ரோலி போய்ச் சேர்ந்தது 5.50. அளவு சரி என்று போன் வந்ததும் காலாவில் எல்லாரும் வடாபாவ் தின்றோம்.

இப்படி வேலைக்குப் போகிறவர்களுக்கு: உள்ளே உலோக வலை சுற்றிய கவசக் கேபிளாக வாங்கி, மோட்டார் வயரைவிட்டு விலக்கித் தனிக் குழாயில் கொண்டுபோங்கள். பக்கத்துக் காலாவில் வெல்டிங் பிடித்தால் சாதாக் கேபிளில் வரும் ப்ரோக்ராமில் எழுத்து தொலையும். ஒரு புள்ளி தொலைந்தால் ஐம்பது மில்லிமீட்டர் நகரவேண்டியது மயிரிழைதான் நகரும். மழை மாதம் என்றால் கனெக்டரைப் பிளாஸ்டிக் பையில் வையுங்கள். பட்டனில் என்ன எழுதுவது என்று அதைத் தொடப்போகிறவரைக் கேளுங்கள். பஸ் நம்பர் பக்கவாட்டில், படிக்கட்டுக்கு அருகே ஆங்கிலத்திலும் இருக்கும்.

இந்தக் கடைசித் தகவல் முருகேசன் சொன்னது. மாலை ஏழு மணிக்கு என்னைப் பஸ் ஏற்ற வந்திருந்தார். வந்த பஸ்ஸைக் காட்டி, இது என்ன நம்பர் என்று கேட்டேன். சொன்னார். நேற்று டிராஃபிக் என்றது பொய், நம்பர் படிக்கத் தெரியாமல் இரண்டு பஸ்ஸை விட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்ன மேடம்," என்றார். "நான் மூணு டீ குடிச்சேன்லா."