கோமதியின் கிண்ணத்தில் எழுபது கிராம்

இந்த வீட்டில் யாரும் யாருக்கும் பரிமாறுவதில்லை. வந்து ஓராண்டு ஆகிறது, இன்னும் எனக்கு அது பழகவில்லை. மாலை ஏழே காலுக்கு, வெயில் பால்கனிக் கம்பியை விட்டு இறங்காமல் இருக்கும்போதே, சாப்பாட்டு மேசையில் மூன்று கிண்ணங்கள் இருக்கும். அடியில் அரைக் கிண்ணம் பழுப்பரிசிச் சோறு. மேலே ஒரு பக்கம் வெள்ளரி, தக்காளி, ஊதா வெங்காயம், நாலைந்து ஆலிவ் காய்கள். இன்னொரு பக்கம் தயிரில் ஊறவைத்துச் சுட்ட கோழித் துண்டுகள். ஓரத்தில் ஒரு கரண்டி வெள்ளரித் தயிர், அதன்மேல் ஃபெட்டா என்கிற உப்புப் பாலாடைக்கட்டி கொஞ்சம். அவரவர் கிண்ணத்தை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் வை என்று கேட்பதும் இல்லை, போதும் என்று கையால் மறைப்பதும் இல்லை. பாளையங்கோட்டையில் ஐம்பது ஆண்டுகள் இலைக்கு முன்னாலும் தட்டுக்கு முன்னாலும் உட்கார்ந்து, அடுத்தது தானாக வரும் என்று காத்திருந்தவன் நான். இங்கே அடுத்தது என்று ஒன்று வருவதில்லை.

இதில் வேடிக்கை, அந்தக் கிண்ணங்களை நிரப்புகிறவனே நான்தான். ஊரில் என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், எழுபத்தாறு வயது வரை வெந்நீர் வைக்கக்கூட அடுப்பைத் தொட்டதில்லை. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் மகள் வீட்டுக்கு வந்த ஏழாவது மாதம், மகள் கோமதிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. கிளினிக்கில் உணவு ஆலோசகர் ஓர் அட்டையைக் கொடுத்திருந்தார்: சோறு பாதியாக, கோழியோ மீனோ நூற்றிருபது கிராம், காய்கறி நிறைய, இரவு ஏழரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். கோமதி விடியுமுன் கிளம்பி, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். மருமகன் தனபாலன் உலு திராமில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பேத்தி கோலாலம்பூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஏழரைக்குள் யார் சமைப்பது? தனபாலன்தான் கைப்பேசியில் இந்தக் கிரேக்கக் கோழிக் கிண்ணத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார். நான் செய்கிறேன் என்றேன். இருவரும் சிரித்தார்கள். கோமதி சிரித்து முடித்து, "பாவம்பா நீங்க. நான் பாத்துக்கறேன். அம்மா மாதிரி பிடிவாதமெல்லாம் பிடிக்க மாட்டேன், டாக்டர் சொன்னபடி சாப்பிடுவேன்" என்றாள். பிடிவாதம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மறுநாள் காலை நான் சந்தைக்குப் போனேன். அது கோமதிக்குத் தெரியாது.

சந்தையில் கோழி விற்கும் மலாய்ப் பெண்மணியிடம் தனபாலன் சொல்லிக்கொடுத்த மூன்று சொற்களை ஒப்பித்தேன்: தொடைக்கறி, எலும்பு வேண்டாம், தோல் வேண்டாம். அவள் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நீங்களா சமைக்கப் போகிறீர்கள் என்று சைகையில் கேட்டாள். தலையாட்டினேன். "உந்துங்லா இஸ்த்ரி பாக்சிக்" என்றாள். உங்கள் மனைவி கொடுத்துவைத்தவர் என்று பொருள். அவ்வளவு மலாய் எனக்கு அதற்குள் புரிந்தது. மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்று சொல்லும் அளவுக்கு மலாய் வாயில் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். அடுத்த வாரம், மனைவி நலமா என்று கேட்டாள். "சிஹாட்" என்றேன். நலம். பொய் சொல்ல வேற்றுமொழி எவ்வளவு வசதி என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஊரில், தமிழில், இதைவிடப் பெரிய பொய்யை இதே எளிமையோடு சொன்னவன்தானே என்பதும் நினைவுக்கு வந்தது.

என் மனைவி பெயர் சண்முகவடிவு. பதினேழு ஆண்டுகளுக்கு முன், அவளுக்கும் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவள் உள்ளே ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது மருத்துவர் என்னை உட்காரவைத்து, படித்தவன் படித்தவனிடம் பேசுவதுபோல ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். சோற்றைக் குறைக்க வேண்டும். கறியோ முட்டையோ மீனோ தினமும் அவளுக்கென்று ஒரு பங்கு வேண்டும். இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்கு, தவறக் கூடாது. தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வெளியே வந்த சண்முகவடிவு, "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "காபியில சீனியைக் குறைச்சுக்கிடச் சொன்னாரு" என்றேன். அன்றிலிருந்து அவள் சாகும்வரை சீனியில்லாக் காபிதான் குடித்தாள். சொன்னதைக் கேட்காதவள் இல்லை அவள். சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு ஒரு பெரிய காரணம் இருந்தால் இதை எழுதுவது எளிதாக இருக்கும். நான் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிறவன். சோறு ஆவி பறக்க வேண்டும், வறுவல் அப்போதுதான் சட்டியிலிருந்து இறங்க வேண்டும். நான் எழுந்து கை கழுவிய பிறகு, சட்டியில் எஞ்சிய மசாலாவில் சோற்றைப் போட்டுப் பிரட்டி அவள் சாப்பிடுவாள். துண்டுகள் எனக்கும், திருமணத்துக்கு முன் கோமதிக்கும் வந்து முடிந்திருக்கும். சண்முகவடிவுக்குக் கழுத்தும் சோறும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், யாரும் யாரையும் கொடுமைப்படுத்துவதாக நினைத்ததில்லை. ஏழரைக்கு அவள் முதலில் உட்கார்ந்து சாப்பிடுவதும் பிறகு நான் சாப்பிடுவதும் எனக்குக் கற்பனையிலேயே வரவில்லை. வீட்டின் ஒழுங்கு கலைந்துவிடும் என்று தோன்றியது. மாணவர்களின் தராசில் மில்லிகிராம் பிழையைக் கண்டுபிடித்துத் திட்டியவன் என் வீட்டுச் சட்டியை ஒரு முறையும் எட்டிப் பார்த்ததில்லை. அவளுக்குச் சிறுநீரகம் போனது. காரியத்தன்று, இங்கிருந்து ஓடிவந்து அழுதுகொண்டிருந்த கோமதியிடம், "உங்கம்மா யார் பேச்சைக் கேட்டா? டாக்டர் அவ்வளவு சொன்னாரே" என்றேன். துக்கத்தில் வந்த வார்த்தை இல்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

அவள் போன பிறகும் சமைக்க ஆள் வைத்துச் சாப்பிட்டவன் நான். இப்படிப்பட்டவன் சமைக்க வந்தால் எப்படி இருக்கும்? முதல் நாள் கோழி வெளியே கருகி உள்ளே ரத்தமாக இருந்தது. இரண்டாம் நாள் வெள்ளரியைத் துருவிப் பிழியாமல் தயிரில் போட்டுவிட்டதால் கிண்ணமே குளமானது. மூன்றாம் நாள், தயிர்ப் பச்சடிக்குத் தாளிப்பு வேண்டாமா என்று கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினேன். தனபாலன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"அலமாக், மாமா! கிரேக்கக்காரங்க வீட்டுல கடுகு வெடிக்குது லா."

"நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஏதென்ஸ் இல்ல, எங்க ஊரு சிகாமட்டு."

மெல்ல மெல்லக் கை படிந்தது. தொடைக்கறியைக் கெட்டித் தயிர், எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு, மிளகு, ஆரிகனோ என்னும் காய்ந்த இலை, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைந்து இரண்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். தட்டையான சட்டியில் ஒரு பக்கம் சிவக்கும்வரை தொடாமல் விட வேண்டும். தொடாமல் விடுவதுதான் எனக்குக் கடினம். புரட்டுவேன், அழுத்துவேன், மூடியைத் திறந்து பார்ப்பேன். ஆறு மணிக்கு மேல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. கைப்பேசியில் பாலத்து நெரிசலைப் பார்ப்பேன். சிவப்பாக இருந்தால் பால்கனிக்குப் போவேன். எதிர்க்கரையில் சிங்கப்பூர்க் கட்டடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். என் மகள் அங்கிருந்து இங்கு வர இரண்டு மணி நேரம் ஆகும். ஏழரை, ஏழரை என்று மனம் அடித்துக்கொள்ளும். யாருடைய ஏழரையை இப்படிக் காக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. போன மாதம் ஒரு புதன்கிழமை தனபாலன் ஒரு சிறிய மின்தராசு வாங்கி வந்தார். கோமதி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நிரப்பி வைத்திருந்த மூன்று கிண்ணங்களிலும் இருந்த கோழியை மட்டும் அவர் ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்து நிறுத்தார். முதலில் அவருடையது. நூற்றுத் தொண்ணூறு கிராம்.

"மாமா, என்னை என்ன, மல்யுத்தத்துக்கு அனுப்பப் போறீங்களா?"

அடுத்தது என்னுடையது. நூற்று நாற்பது. கடைசியாகக் கோமதியின் கிண்ணம். எழுபது. அவர் தராசை அணைத்துப் போட்டு மறுபடியும் வைத்தார். எழுபது. அதிலும் ஓரத்துத் துணுக்குகளும் கருகிய சிறு துண்டுகளுமாகத்தான் இருந்தன. குறை கோழிக்குச் சோறு மட்டும் கூடுதலாக வைத்திருந்தேன். நோய் அவளுக்கு. அட்டை அவளுக்கு. சமையலே அவளுக்கு. என் கை மட்டும் மருமகனுக்கு முதலில் நல்ல துண்டுகளை வைத்து, பிறகு எனக்கு வைத்து, சட்டியில் மீந்ததை அவள் கிண்ணத்தில் வழித்துப் போட்டிருக்கிறது. நான்கு மாதமும். நான் நினைத்துச் செய்யவில்லை. நினைக்காமலே செய்யும் அளவுக்கு அது என் கையில் ஊறியிருந்தது. அவளும் ஒரு நாளும், எனக்குக் குறைகிறதே என்று கேட்கவில்லை. அதுவும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

துண்டால் முகம் துடைத்தபடி வந்த கோமதி எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "அப்படியே அம்மா தட்டு! அம்மாவும் இப்படித்தான் ஒண்ணுமில்லாம சாப்பிடுவாங்க. டாக்டர் சொன்னதைக் கொஞ்சமாவது கேட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாங்க. என்ன பண்றது, அவங்க பிடிவாதம்."

"கோமு" என்றேன். "டாக்டர் சொன்னதை நான் உங்கம்மாகிட்ட சொல்லவே இல்ல."

"எதை?"

"சாப்பாட்டு விவரம் பூரா. தாள்ல எழுதிக் கொடுத்தாரு. நான் மடிச்சு வச்சுட்டேன். சீனியைக் குறைக்கச் சொன்னதா மட்டும் சொன்னேன்."

தனபாலன் தராசைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கோமதி உட்காரவில்லை.

"ஏன்பா?"

"அவ ஏழரைக்குச் சாப்பிடணும்னு அதுல இருந்தது. நான் ஒம்பது மணிக்குத்தானே சாப்பிடுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுக் கேட்டாள்: "காரியத்தன்னிக்கு என்கிட்ட அப்படிச் சொன்னீங்களே?"

"ஆமா. சொன்னேன்."

"ஆறு வருஷமா நான் அதையேதான்பா சொல்லிட்டிருக்கேன். என் மககிட்டகூட. உங்க பாட்டி மாதிரி பிடிவாதமா இருக்காதேன்னு." குரல் உயரவில்லை. தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். தனபாலன் தன் கிண்ணத்திலிருந்து சில துண்டுகளை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். மேசையில் நான் மட்டும் இருந்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

அடுத்த நாட்களில் அவள் என்னோடு பேசவில்லை. "அவருக்கு மாத்திரை இருக்கான்னு கேளுங்க" என்று கணவரிடம் சொல்வாள். அவர் திரும்பி, நான் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வியை என்னிடம் கேட்பார். நான் சமைத்ததை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். இப்போது நிறுத்துத்தான் போடுகிறேன், அவளுடையதை முதலில். ஊருக்கே போய்விடலாமா என்று ஒரு மனம். போனால் தப்பித்து ஓடுவதாகாதா என்று இன்னொரு மனம். ஊரில் உள்ளவர்கள் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருப்பவனைக் கொடுத்துவைத்தவன் என்கிறார்கள். என்னைப்போல இங்கு வந்திருக்கும் முதியவர்களுக்குத் தெரியும், நாம் பெட்டியில் எதையெல்லாம் ஒளித்துக் கொண்டுவருகிறோம் என்று.

ஒன்பதாம் நாள், வெள்ளரி அரிந்துகொண்டிருந்தேன். கோமதி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அந்தத் தாள் இருக்கா?"

"இருக்கு. பாளையங்கோட்டையில, பீரோல. கிழிச்சுப் போடத் தைரியம் வரல."

"எனக்கு அதைப் பாக்கணும்."

"பக்கத்து வீட்டுல சாவி இருக்கும்மா. படம் எடுத்து அனுப்பச் சொல்றேன்."

"வேண்டாம்" என்றாள். "வேற யாரும் அதைத் தொட வேண்டாம். நீங்களே போய் எடுத்துட்டு வாங்க."

அது தண்டனையா, மன்னிப்பின் தொடக்கமா, வெறும் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. தனபாலன் அன்றே பயணச்சீட்டைப் பதிவு செய்தார். போவது ஒரு ஞாயிறு, திரும்புவது அதற்கு இரண்டாவது ஞாயிறு. நடுவில் பத்து வேலைநாள் இரவுகள். நேற்று முழுவதும் நின்று, பத்து நாளைக்கான கோழியைத் தயிரில் பிசைந்து, அவளுடையதைத் தனியாக நிறுத்து, பொட்டலம் பொட்டலமாகத் தட்டையாக்கி உறைபெட்டியில் அடுக்கினேன். மாலையில் வந்த கோமதி கதவைத் திறந்து விரலால் எண்ணிப் பார்த்தாள்.

"பத்துதான் இருக்கு" என்றாள். கணவரிடம் இல்லை, என்னிடம்.

"பத்து நாள்தானேம்மா."

அவள் கதவைச் சாத்தினாள். நாளைக் காலை கிளம்புகிறேன். பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் பீரோவில், என் மனைவி பார்க்காத ஒரு தாள் என் கைக்குக் காத்திருக்கிறது. இங்கே பத்துப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாகக் குறையப் போகின்றன. அங்கே இறங்கியதும் திரும்பும் நாளை எண்ணத் தொடங்குவேன். இங்கே வந்து இறங்கும்போது, அந்தத் தாளோடு இந்த வீட்டுக் கதவைத் தட்ட என் கை எழும்புமா என்று தெரியாது. பெட்டியில் இரண்டு சட்டைகள் மட்டும் வைத்திருக்கிறேன். தனபாலன் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன மாமா, காலிப் பெட்டியா என்றார். ஆமாம் என்றேன்.