நொட்டாங்கையார் தோட்டா மாற்றிய கதை

பணவண்டி ஓட்டுவது என் வேலை. என் பக்கத்து இருக்கையில் ரிவால்வரோடு உட்கார்ந்து வரும் காவலரை அலுவலகம் முழுக்க நொட்டாங்கையார் என்றுதான் கூப்பிடும். இடது கைக்காரர். அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபமே வராது. "சொல்லுங்கடா சோத்தாங்கைக்காரனுங்களா" என்பார், பிறவியிலேயே குறைபட்டவர்கள் நாங்கள்தான் என்பது போல.

கோபமெல்லாம் பொருள்கள்மேல்தான். கத்தரிக்கோல், கதவுப் பிடி, கவுன்டரில் வலப்பக்கமாகக் கயிறு போட்டுக் கட்டிய பேனா, எல்லாமே அவரைப் பழிவாங்கவென்று செய்யப்பட்டவை. அவற்றோடு வாய்விட்டுச் சண்டை போடுவார். பேனா பதில் சொல்லாது, அதனால் கடைசி வார்த்தை எப்போதும் அவருடையதுதான்.

அவருக்கென்று ஒரு படிப்பு முறையும் இருந்தது. யார் எதைச் செய்து காட்டினாலும் நேர் எதிரே போய் நின்றுகொள்வார். அவர்களின் வலது கை போகும் பக்கத்துக்கே இவருடைய இடது கை போகும். கண்ணாடி பார்ப்பது போலத்தான். ஷூ நாடா, பெட்டிக்குப் போடும் முடிச்சு, சவரம் எல்லாம் இப்படிக் கற்றவைதான். "எதிர்ல நின்னு ஒரு தடவ பாத்தாப் போதும் தம்பி, விமானமே ஓட்டிருவேன்" என்பார். நல்லவேளை, யாரும் அவர் எதிரே நின்று விமானம் ஓட்டிக் காட்டவில்லை.

குறி பார்த்துச் சுடுவதில் அவரிடம் குறை சொல்ல முடியாது. ஆண்டுதோறும் நடக்கும் தேர்வில் பழைய அதிகாரி அட்டையில் விழுந்த ஓட்டைகளைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், வீட்டுக்குப் போவார். தோட்டா மாற்றுவதை யாரும் கேட்டதில்லை. நொட்டாங்கையார் ரிவால்வரை மேசைமேல் வைத்து, திட்டித் திட்டித் திறந்து, ஆற அமர நிரப்பிக்கொள்வார்.

இந்த முறை வந்தவர் புதிய பயிற்சி அதிகாரி. ராணுவத்தில் இருந்து வந்த அம்மா. சிரிப்பதைக்கூட உத்தரவு வாங்கித்தான் செய்வார் போல. ஆறு குண்டு சுட வேண்டும், நின்ற இடத்திலேயே தோட்டா மாற்றி மறுபடி சுட வேண்டும், எல்லாம் விசில் ஊதுவதற்குள் முடிய வேண்டும் என்றார். முடியாதவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வாசலில் தடுப்புக்கட்டை தூக்கப் போகலாம்.

செய்தும் காட்டினார். நம்மவர் வழக்கம் போல நேர் எதிரே போய் நின்றார். அங்கேதான் வினை. ஷூ நாடாவுக்கு வலம் இடம் கிடையாது, ரிவால்வருக்கு உண்டு. தோட்டா இருக்கும் உருளை இடப்பக்கமாகத்தான் வெளியே சாயும். அதைத் திறக்கும் தாழும் இடப்பக்கம்தான், வலது கைக்காரனின் கட்டைவிரலுக்கு அடியிலேயே. நொட்டாங்கையார் கண்ணாடிக் கணக்கில் தன் இடது கட்டைவிரலை வலப்பக்கம் வைத்து அழுத்தினார். அங்கே இருந்தது ஒரு திருகாணி. அதை அவர் அழுத்திய அழுத்தில் திருகாணியே மன்னிப்புக் கேட்டிருக்கும். பிறகு துப்பாக்கியை வலது கைக்கு மாற்றி ஒருவழியாகத் திறந்தார். தோட்டாக்கள் ஷூவின்மேல் விழுந்து உருண்டன. குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிட்டது.

"அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு. அதுதான் கடைசி" என்றார் அந்த அம்மா.

அன்று வண்டியில் நான் கியர் மாற்றும் லட்சணத்தைக்கூட நொட்டாங்கையார் திட்டவில்லை. அந்த இருக்கையை வைத்துத்தான் அவர் தன்னை ஒரு ஆளாக நினைத்திருந்தார். அவர் இல்லாமல் அந்த வண்டியை ஓட்ட எனக்கும் மனசு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டு இடைவேளையில் வண்டிக் கொட்டகையில் பழகிக்கொள்ள அனுமதி கிடைத்தது. துப்பாக்கி நிஜம், தோட்டா பொய். நான் பார்சல் கட்டும் அட்டைக்குழாய் ஒன்றை ரிவால்வராகப் பிடித்துக்கொண்டு அவர் எதிரே நின்று செய்து காட்ட வேண்டுமாம். செய்தேன். அவர் அதே திருகாணியை அழுத்தினார். "நீ ஒழுங்காக் காட்டல" என்றார். அட்டைக்குழாயில் இதைவிட ஒழுங்கு எங்கே போவேன்?

அந்த நேரத்தில்தான் அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டைக் கொண்டுவந்தார் அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர். தையல்காரி, கழுத்தில் அளவு நாடாவோடுதான் வெளியே கிளம்புவார். இரண்டு ஆண்கள் சண்டைக்கோழி மாதிரி நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்க, கதவு அந்தப் பக்கம் இருக்கு. இந்தப் பக்கம் சுவத்த ஏன் இடிக்கிறீங்க?"

"துப்பாக்கியப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?"

"துப்பாக்கியப் பத்தித் தெரியாது. உங்களப் பத்தித் தெரியும். எதிர்ல நின்னா தலைகீழாத்தான் செய்வீங்க. தம்பிக்குப் பின்னால போய் தோளுக்கு மேல பாருங்க. தம்பி, நிஜத் துப்பாக்கியக் கையில வாங்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே என் பின்னால் வந்து நின்றார். நான் மெதுவாகச் செய்தேன். கட்டைவிரலால் தாழை அழுத்தினேன், உருளை சாய்ந்தது, துப்பாக்கி என் இடது உள்ளங்கைக்கு மாறியது, வலது கையைத் தோட்டாவுக்கு நீட்டினேன்.

"நில்லு" என்றார் காதுக்குள். "இப்பத் துப்பாக்கி எந்தக் கையில இருக்கு?"

"இடது கையிலண்ணே."

"அடப் பாவிகளா! நீங்க எல்லாருமே பாதி வேலைய நொட்டாங்கையிலதான் செய்றீங்களா!"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாழ்நாள் முழுக்க இழுத்த வழக்கில் தீர்ப்புக் கிடைத்தது போல் கொட்டகையையே ஒரு சுற்று சுற்றி வந்தார். நாங்கள் கை மாற்ற வேண்டும், அவர் மாற்றவே வேண்டாம். துப்பாக்கி முதலிலிருந்தே இடது கையில் இருக்கிறதே. விசையிலிருந்து விலகும் ஆள்காட்டி விரல் தாழை அழுத்தும். வலது கை உருளையைத் தள்ளும். துப்பாக்கிக் குழாயை மேலே தூக்கி, வலது உள்ளங்கையால் உருளையின் முன்னால் நீட்டியிருக்கும் கம்பியை ஒரு தட்டு தட்டினால் காலித் தோட்டாக்கள் கொட்டிவிடும். பிறகு குழாயைக் கீழே சாய்த்து வலது கையால் நிரப்ப வேண்டியதுதான். தோட்டாப் பையை இடுப்பின் வலப்பக்கம் மாற்றிக்கொண்டார்.

மிச்சம் இருந்த ஒரே தொல்லை அந்த வலது கை. சோறு தின்பதைத் தவிர அதற்கு அவர் எந்த வேலையும் கொடுத்ததில்லை. அண்ணி வீட்டில் அதற்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். கொட்டிய குண்டூசிகளை அந்தக் கையாலேயே பொறுக்க வேண்டும், சட்டைப் பித்தானை அந்தக் கையாலேயே போட வேண்டும். பித்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு அந்த வாரம் முழுக்க வேலைக்கு வந்தார். நான் சிரித்தேன், அவர் முறைத்தார்.

தேர்வு நாளன்று ஆறு குண்டும் ஒழுங்காகப் போயின. விரல் தாழைத் தேடவில்லை, நேராகப் போய் அழுத்தியது. காலித் தோட்டாக்கள் கொட்டின. வலது கை மளமளவென்று நிரப்பியது. கடைசித் தோட்டா மட்டும் விரலிடுக்கில் வழுக்கி ஷூ அருகே விழுந்தது. எது கீழே விழுந்தாலும் குனிந்து எடுத்து, அதை நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டார் மனிதர்.

குனியவில்லை. உருளையை மூடினார். ஐந்து முறை வெடித்தது, ஒரு முறை வெறும் க்ளிக். அதற்குப் பிறகுதான் விசில்.

பயிற்சி அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணு குறையுதே?"

"கீழ கெடக்கு மேடம். கெடக்கட்டும்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"குனிஞ்சிருந்தா கட்டை தூக்கத்தான் அனுப்பியிருப்பேன்" என்றார் அந்த அம்மா. "வண்டிக்குப் போங்க."

போனோம். அண்ணியின் தையல் கடை வழியாகத்தான் எங்கள் சாலை. பணவண்டியில் போன் கூடாது, சேதி சொல்ல வழியில்லை, நடுவழியில் நிற்கவும் கூடாது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். தைத்துக்கொண்டிருந்த துணியைக் கையில் பிடித்தபடியே படியில் இறங்கி நின்றிருந்தார் அண்ணி. என் பக்கத்து இருக்கையில் யார் என்று பார்க்கத்தான்.

வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடி வழியாக ஆளைப் பார்த்ததும் அண்ணி அந்தப் படியிலேயே உட்கார்ந்து துணியால் முகத்தை மூடிக்கொண்டார்.

நொட்டாங்கையார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காவலில் இருப்பவர் திரும்பக் கூடாதாம். ஆனால் அவர் கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றார். "கியர் போடத் தெரியாதவன்லாம் டிரைவரு."