வாறன்

நான் குடியிருக்கும் டூட்டிங்கில் மோட்டார் சைக்கிள் திருத்தும் அந்த அண்ணை பிரான்சிலிருந்து வந்தவர். ஹெல்மெட் அழுத்திய தடம் அவர் நெற்றியில் எப்போதும் சிவந்திருக்கும்.

லாவோஸின் மலைக்காட்டுப் பாதைகளில் இருவரும் மோட்டார் சைக்கிளில் போவதென்று குளிர்காலம் முழுக்க என் வீட்டில் திட்டம் போட்டோம். வரைபடத்தில் தார் ரோடு வந்தால், பல்லுக்குத்தும் குச்சியால் அதைத் தட்டுவார்.

"இது பஸ் போற ரோட்டு. எங்களுக்கு வேண்டாம்."

மோட்டார் சைக்கிளைத் தெப்பத்தில் ஏற்றி ஆற்றைக் கடக்கும் ஒரு செம்மண் பாதையை நான்தான் தேடிப் பிடித்தேன். அன்று அவர் புறப்படும்போது வாசலில் வைத்துக் கேட்டேன்.

"அண்ணை, நான் டிக்கெட் போடப்போறன். கட்டாயம் வாறியள்தானே?"

குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டியபடியே சொன்னார்.

"வாறன் தம்பி."

நான் டிக்கெட் போட்டேன். பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் போனில் ஒரு படம் வந்தது. பாரிஸ் சிநேகிதர்களோடு அவர் அந்தத் தெப்பத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போறன்' என்று சொல்லமாட்டார்கள். 'வாறன்' என்றுதான் சொல்வார்கள். அன்று அவர் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, விடைபெற்றிருக்கிறார். நான்தான் அதைக் கேட்டுவிட்டு டிக்கெட் போட்டிருக்கிறேன்.