பதினோரு நாள் கணக்கும் ஒரு சிவப்பு டிக்கும்

இன்று காலை சாணார்பட்டியிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் கணக்கு நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு டியூஷன் டீச்சர், மடியில் பரீட்சைப் பேப்பர் கட்டு.

"பிள்ளை எந்தக் கிளாஸு?"

"பிள்ளைக்கு இல்ல டீச்சர், எனக்குத்தான். காலைல செத்த நேரம் தியானம், அதுலருந்து எந்திரிச்சதும் இந்த ஒரு கணக்கு. பதினோரு நாளா இதுதான் ஓடுது."

ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் 4, 9, 16 என்று வர்க்க எண்ணாகவே வருகிறது. ஏன்? அதுதான் கணக்கு.

"இதுக்கா பதினோரு நாளு?"

நோட்டை வாங்கி, நான் எழுதியதன் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஃபார்முலாவை எழுதி, ஒரு டிக்கும் போட்டார்.

"இது தெரியும் டீச்சர். ஏன் அப்படி வருதுன்னுதான்..."

"ஏன்னெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டாய்ங்க. மனப்பாடம் பண்ணிருங்க."

நாற்பத்தாறு வயதில் எனக்கு என்ன பரீட்சை என்று கேட்பதற்குள் நாகல் நகரில் இறங்கிவிட்டார்.

பள்ளியிலும் இதே பதிலைக் கேட்டுத்தான் கணக்கை விட்டேன்.

நாளைக் காலை தியானத்தில் கண்ணை மூடினால் அந்த டிக்தான் தெரியும். அதை மறக்க யாரிடமாவது ஃபார்முலா இருந்தால் சொல்லுங்கள். ஏன் என்று கேட்க மாட்டேன்.