ஹெஸ்டர் அம்மாள் போகாத வாசல்

அன்று நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. கல்கொத்தன் லென் பேயைக் கண்டான் என்றால், இங்கிலாந்தில், எங்கள் யார்க்ஷயரில், "எத்தனை பீர்?" என்றுதான் கேட்பார்கள். நடந்தது சத்தியம்.

1986 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை.

எங்கள் பண்ணைக் கல்வீடுகளில் முன்வாசல் இரண்டே காரியங்களுக்குத்தான் திறக்கும். மணப்பெண் உள்ளே வர, சவப்பெட்டி வெளியே போக. மற்றதெல்லாம் அடுக்களைக் கதவு வழியாக. அந்த வருடம் பிப்ரவரியில் பண்ணைக்கார ரூபன் பெரியவரின் மனைவி ஹெஸ்டர் அம்மாள் இறந்தபோது முன்வாசலில் ஆள் உயரத்துக்குப் பனி. வேறு வழியில்லாமல் அடுக்களை வழியாகத் தூக்கிப்போனோம். இப்போது பெரியவர் அந்த முன்வாசலையே கல் வைத்து அடைக்கச் சொன்னார்.

"குளிர்காத்தா பெரியவரே?"

"அவ இன்னும் போகலடா. போறதுக்குள்ள அடைச்சிரு."

சிரிக்க வாயைத் திறந்தவன், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

வெளியே நின்று கட்டினேன். ஒவ்வொரு கல்லும் சரியாக உட்கார, சுத்தியல் பிடியால் மூன்று தட்டு. மணி 3:40. இருட்டிக்கொண்டு வந்தது. சுவர் மார்பளவு எழும்பியிருந்தது.

டொக்... டொக்... டொக்.

நான் தட்டவில்லை. சத்தம் உள்ளேயிருந்து.

"உள்ள யாரு பெரியவரே?"

"யாருமில்ல."

பதில் என் முதுகுக்குப் பின்னால் வந்தது. தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார்.

அடுத்த கல். மூன்று தட்டு.

அதே கல்லில்... உள்பக்கம்... மூன்று.

3:55. இடைவெளியில் டார்ச் அடித்தேன். வெறும் கூடம்.

"வெளிய விடச் சொல்லித் தட்டுறாங்க, பெரியவரே. பாவம். பிரிச்சிடறேன்."

"வைடா லென்." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த கல்லை எடுத்து நீட்டினார். "நாப்பத்தேழு வருஷம் ஒண்ணா இருந்தோம்டா..."

வைத்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக, நன்றாக இருட்டும்வரை. கடைசிக் கல்.

டொக்...

டொக்...

மூன்றாவதைக் கேட்க நான் அங்கே இல்லை. ஓட்டத்தில் என் நாயையே முந்திவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து அழுதேன். ஓர் உயிரை உள்ளே வைத்துக் கட்டிவிட்டேனே! அந்தச் சுவரின் உள்பக்கத்தைப் பூச நான் போகவே இல்லை.

ஐந்து வருடம் கழித்துப் பெரியவரும் போனார், அடுக்களை வழியாகவே. வீட்டை வாங்கியவர்கள் முன்வாசலைத் திறக்க என்னையே கூப்பிட்டார்கள். "மன்னிச்சிருங்கம்மா" என்று முனகிக்கொண்டே உள்ளே போய், சுவரை மறைத்திருந்த அலமாரியை நகர்த்தினேன்.

கல் இடுக்குகள் எல்லாம் பூசப்பட்டிருந்தன.

விரலால்.

மெலிந்த, சின்ன விரல். பெரியவரின் விரல் மாட்டுக்கொம்பு மாதிரி இருக்கும். அங்கங்கே உள்ளங்கை ஊன்றிய தடம். அதில் மோதிரக் கோடு... அந்த மோதிரத்தோடுதான் ஹெஸ்டர் அம்மாளைப் புதைத்தோம்.

கீழிருந்து கடைசிக் கல்வரை, ஓர் இடுக்கைக்கூட அந்த அம்மாள் விட்டிருக்கவில்லை.